காதில் வண்டு கத்துகிறது என்று அவன் சொன்ன நாள்

சாமி,

நீ ரயில் ஏறி ஒன்பது நாளாகிறது. பம்பாய் போய்ச் சேர்ந்தேன், விடுதியில் இடம் கிடைத்தது, சாப்பாடு பரவாயில்லை என்று நீ போட்ட கார்டு நேற்றுத்தான் வந்தது. மூன்றே வரி. அதில் அப்பாவை விசாரித்திருந்தாய், மாமாவை விசாரித்திருந்தாய், என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. இருக்கட்டும். உன் கோபம் நியாயமான கோபம் என்று சொல்லத்தான் இத்தனை தாளை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தபால்காரருக்காக உறையை ஒட்டுவேனே தவிர, இதில் இனிமேல் மறைக்க ஒன்றும் கிடையாது. படித்து முடித்ததும் பெட்டிக்கு அடியில் போட்டுவிடாதே. உன்னோடு படிக்கிறவர்களுக்குக் காட்டு. உன் வாத்தியாருக்குத் தமிழ் தெரியாது என்றால் இங்கிலீஷில் சொல்லு.

மேற்படிப்புக்கு இடம் கிடைத்த செய்தியோடு நீ வந்த அன்று நான் அடுப்பில் ஒரு கேசரிகூடக் கிளறவில்லை. கிளினிக்கல் பார்மகாலஜி என்று நீ சொன்னாய். அப்படியென்றால் என்ன என்று கேட்டுவிட்டு, நீ வாய் திறப்பதற்குள் நானே, பெரிய டாக்டராக வருவாய் என்று பார்த்தால் மருந்துக்கடைக்காரன் படிப்புக்குப் போகிறாயே என்று சொல்லிவிட்டேன். எலும்புக்கோ இருதயத்துக்கோ படித்தால் சேலத்தில் போர்டு மாட்டலாம், இதற்குப் படித்து எந்தத் தெருவில் போர்டு மாட்டுவாய் என்றும் கேட்டேன். உங்கப்பா அப்போதுதான் லாரியில் நாக்பூர் லோடு இறக்கிவிட்டு வந்து குளித்துக்கொண்டிருந்தார். எஞ்சின் தெரியாமல் வண்டி ஓட்டுகிறவன் பின்னால் போய் நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும், அவன் படிக்கட்டும் விடு என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார். அவருக்குப் புரிந்த அளவுகூட எனக்குப் புரியவில்லை என்று நீ நினைத்திருப்பாய்.

நீ பொறுமையாகத்தான் விளக்கினாய். மருந்து என்ன செய்யும் என்று புத்தகத்தில் இருப்பது ஒன்று, அந்த ஆளின் உடம்பில் போய் அது என்ன செய்கிறது என்பது வேறு என்றாய். எவ்வளவு கொடுப்பது, எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்று வார்டில் நோயாளி பக்கத்திலேயே இருந்து பார்க்கிற படிப்பு இது என்றாய். அதற்கப்புறம் சோற்றைப் பிசைந்துகொண்டே ஒன்று சொன்னாய்.

“மருந்து ஆரம்பிச்ச பின்னால நோயாளி எதைச் சொன்னாலும் எழுதிக்கோணும்மா. எவ்வளவு அற்பமா இருந்தாலுஞ் சரி. இது வேற எதனாலயோ வந்திருக்கும்னு நாமளா முடிவு பண்ணக் கூடாது.”

நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன். உனக்கு அது அவமானமாகப் பட்டது. ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் ஏன் எழுந்து போனேன் என்பதைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

நான் யார் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் உன் வாத்தியாருக்காகச் சொல்கிறேன். சேலத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பழகி, கல்யாணமானதும் இளம்பிள்ளைக்கு வந்து, இங்கே தறிக்காரர் தெரு முனையில் இருந்த டாக்டரய்யாவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ஊசியைக் கொதிக்க வைப்பதும் போடுவதும் நோட்டில் எழுதுவதும் என் வேலை. தறித்தெருவில் எப்போதும் டி.பி.க்காரர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். அந்தக் காலத்தில் அவர்களுக்குத் தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, கூடவே மாத்திரை. இருமல் நின்றதும் ஊசியை நிறுத்திவிட்டு ஓடப் பார்ப்பார்கள், நான் விடமாட்டேன். வீடு தேடிப் போவேன், தறிக்கூடத்துக்குள்ளேயே போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து வருவேன். ஒரு நாள் தவறினாலும் கிருமி திமிர் பிடித்துத் திரும்பி வரும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது பொய்யும் இல்லை. என் கையில் ஊசி ஆரம்பித்தவர் யாரும் பாதியில் விட்டதில்லை என்று எனக்கு ஏகப்பட்ட கர்வம். தெருவில் எல்லாரும் ஊசிக்கார அம்மா என்றால் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

உனக்கு ஏழு வயது இருக்கும்போது உன் மாமா சவரிக்கு டி.பி. வந்தது. இது உனக்குத் தெரியாது. நமக்குச் சொந்தக்காரர் யாருக்கும் தெரியாது. அவனுக்கு அப்போது இருபத்து நாலு வயது, விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தான். எங்கள் அம்மா செத்த பிறகு அவனை வளர்த்தவள் நான்தான், எனக்குக் கல்யாணமானதும் என் பின்னாலேயே இளம்பிள்ளைக்கு வந்துவிட்டான். நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தோம். பெயர் ரோசலி. அவளை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறான், அதற்குள் அவள் பெயரைத் தறிச்சட்டத்தில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தான். டி.பி. என்று தெரிந்தால் அந்த வீட்டுக்காரர்கள் தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் டாக்டரய்யாவிடம் ஒரு தடவை காட்டிச் சீட்டை வாங்கிக்கொண்டு, மீதியை நான் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கிளினிக் நோட்டில் அவன் பெயர் ஏறவில்லை. தினமும் காலையில் நீ பள்ளிக்கூடம் கிளம்பியதும் கதவைச் சாத்திவிட்டு ஊசி போடுவேன். மற்றவர்களெல்லாம் மாதத்துக்கு ஒரு முறை டாக்டரய்யா முன்னால் போய் நிற்பார்கள், அவர் நாலு கேள்வி கேட்பார். இவனை நான் மறுபடி கூட்டிப் போகவே இல்லை.

இரண்டு மாதம் தாண்டியிருக்கும். ஊசியைப் போட்டுப் பஞ்சை அழுத்திக்கொண்டிருக்கிறேன், அவன் சொன்னான்: “அக்கா, காதுக்குள்ள வண்டு கத்துதுக்கா. தறி நின்னாலுங் கத்துது.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? தறி ஓட்டுகிறவனுக்குக் காது இரையாமல் பின்னே கலெக்டருக்கா இரையும் என்று சொன்னேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன், அவனும் சிரித்தான். அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் காதில் இரைச்சல் என்பார்கள். நாள் முழுக்க நாற்பது தறி ஒன்றாக ஓடுகிற கூடத்தில் நின்றால் அப்படித்தான். வேறு ஊர் நர்ஸாக இருந்திருந்தால் ஒருவேளை என்னடா இது என்று யோசித்திருப்பாள். எனக்கு இந்த ஊர் தெரியும் என்கிற நினைப்பு.

அதைவிட ஒன்று உண்டு. தறிக்கூடத்துக்குள் யாரும் காதை வைத்துக்கொண்டு பேசுவதில்லை. உதட்டைப் பார்த்து, கையைப் பார்த்துத்தான் பேச்சு. நாலு தறிக்கு அப்பால் நிற்கிறவன் என்ன சொல்கிறான் என்று உதட்டசைவிலேயே பிடித்துவிடுவார்கள். நீயும் மாமாவிடம் அதைக் கற்றுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இரண்டு பேரும் சத்தமில்லாமல் கதை பேசி, என்னிடம் தொடையில் கிள்ளு வாங்கியிருக்கிறீர்கள், ஞாபகம் இருக்கிறதா? காது கொஞ்சங் கொஞ்சமாக அடைந்துகொண்டு வந்தபோது அவனுக்கே அது பெரிதாகத் தெரியவில்லை. எதிரில் நிற்கிற முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தான். காது போய்க்கொண்டிருக்கிற ஒருவன் ஒளிந்துகொள்ள அந்தத் தெருவை விட்டால் வேறு நல்ல இடம் இல்லை.

பிறகு நடை தடுமாற ஆரம்பித்தது. பொழுது சாய்ந்து கூடத்தை விட்டு வெளியே வந்தால் சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்தான். வாய்க்கால் பாலத்தில் ஒரு தடவை விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டான். தெரு என்ன நினைக்கும்? சவரி சாராயம் குடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று பேச்சு வந்தது. என் காதுக்கும் வந்தது. நான் அவன் வாயை முகர்ந்து பார்த்தேன், ஒரு வாசனையும் இல்லை. நர்ஸுக்குப் படித்தவள் அங்கேயே நின்று யோசிக்க வேண்டாமா? ஏலக்காய் மென்றிருப்பான் என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை ரோசலியின் சித்தப்பா சேலை எடுக்க இளம்பிள்ளைக்கு வந்தவர், மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று நம் தெருவுக்கு வந்தார். அவர் வந்தது எனக்குத் தெரியாது. சவரி தள்ளாடிக்கொண்டு வருவதை வாசலிலிருந்து பார்த்ததும் எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. நடுத்தெருவில் இறங்கி, குடித்துவிட்டு வந்து என் மானத்தை வாங்குகிறாயே என்று கத்தினேன். அவன் இல்லக்கா இல்லக்கா என்றான். கன்னத்தில் ஓர் அறை விட்டேன். நிலை தவறிச் சாக்கடையோரம் உட்கார்ந்துவிட்டான். சித்தப்பா சேலைக்கடைப் பையோடு அப்படியே திரும்பி நடந்தார். தாம்பூலம் அடுத்த வாரமே திரும்பி வந்தது. டி.பி.யை மறைத்துக் காப்பாற்றிய கல்யாணத்தை என் வாயாலேயே உடைத்தேன். மறுநாள் காலை கதவைச் சாத்திவிட்டு அவனுக்கு ஊசியும் போட்டேன். அதற்கப்புறமும் மூன்று வாரம், ஒரு நாள் தவறாமல்.

கணக்குப்படி ஊசி முடிந்து சில நாள் கழித்து, பட்டப்பகலில் ஒரு நாள் கரண்டு போனது. நாற்பது தறியும் நின்றது. கரண்டு போனால் தெருவே குரலைத் தாழ்த்திக்கொள்ளும், அத்தனை நேரம் கத்திய களைப்பு. இவன் ஒருவன் மட்டும் கூடத்து வாசலில் நின்று யாரிடமோ தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தான். பின்னால் போய் சவரி என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை, இன்னும் பக்கத்தில். திரும்பவில்லை. தோளைத் தொட்டபோதுதான் துள்ளித் திரும்பி என் உதட்டைப் பார்த்தான்.

டாக்டரய்யாவிடம் இழுத்துக்கொண்டு ஓடினேன். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு, இந்த ஊசி சில பேருக்குக் காதையும் நடையையும் கெடுத்துவிடும், காது இரைகிறது என்று சொன்ன அன்றைக்கே நிறுத்தியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றார். சீட்டில் குனிந்து எழுதிக்கொண்டே, இரைகிறது என்று உன்னிடம் சொல்லவே இல்லையா என்று கேட்டார்.

நான், “சொல்லலைங்க” என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சாமி இவ்வளவும் எழுதுகிறேன். கவனக்குறைவு எல்லாருக்கும் வரும். அன்றைக்கு அந்த மருந்து காதுக்கு என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை, அதைக்கூட மன்னிக்கலாம். ஆனால் சொன்னவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவன் சொல்லவில்லை என்றேன். டாக்டரய்யா அவனைப் பார்த்து, ஏப்பா வாயில என்ன கொழுக்கட்டையா, சொல்றதுக்கென்ன என்று கடிந்துகொண்டார். அவன் பேசாமல் தலையை ஆட்டினான். கேட்கவில்லை, அதனால் சும்மா ஆட்டுகிறான் என்று நினைத்து எனக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதி என்றுதான் எழுத வேண்டும், வேறு சொல் இல்லை.

நடை ஒரு வருஷத்தில் ஓரளவு தேறியது. காது திரும்பி வரவில்லை. தறிச் சத்தம் காதைத் தின்றுவிட்டது என்று தெரு முடிவு கட்டியது, நானும் ஆமாம் என்றேன். இவன் குடிகாரன், அதனால்தான் பெண் வீட்டார் போனார்கள் என்பதும் அப்படியே நின்றுபோனது. வேறு பெண் பார்க்கவில்லை. உன்னைத் தோளில் வைத்துச் சினிமாவுக்குக் கூட்டிப்போனவன், நீ எம்.பி.பி.எஸ். சேர்ந்தபோது முழு வருஷச் சீட்டுப்பணத்தையும் எடுத்துக் கொடுத்தவன் அவன். ஒரு லீவில் நீ பஞ்சு மூட்டையோடு வந்து, தறி ஓட்டும்போது காதில் அடைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் என் மாமாவுக்கு ஆன கதிதான் ஆகும் என்று கூடங்கூடமாகப் போய்ச் சொன்னாயே, நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு தவக்காலத்திலும் பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொன்னேன் சாமியாரே என்பேன். எந்தப் பொய் என்று சொல்லாமலே பதினேழு வருஷம் பாவமன்னிப்பு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த ஊசி காதைக் கெடுக்கும் என்பது நீ டாக்டருக்குப் படித்தபோதே உனக்குத் தெரிந்திருக்கும். மாமாவுக்கு அந்த ஊசி போட்டதுதான் உனக்குத் தெரியாது. எலும்பு டாக்டர் கேட்கமாட்டார், கண் டாக்டர் கேட்கமாட்டார். நீ போவதோ என்ன மருந்து சாப்பிட்டாய், அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டு எழுதுகிற படிப்பு. ஒரு லீவில் வந்து மாமாவின் எதிரில் உட்கார்ந்து கேட்டுவிடுவாய் என்று பயந்தேன். என் பயத்துக்காக உன் படிப்பைக் கேவலமாகப் பேசினேன். மருந்துக்கடைப் படிப்பு என்றது உன் அறிவைப் பார்த்துச் சொன்னதில்லை, அதை மனசில் வைத்துக்கொள்ளாதே.

சேலம் ஜங்ஷனில் நீ கிளம்பும்போது மாமாவின் இரண்டு தோளையும் பிடித்து, முகத்துக்கு நேரே நின்று, சத்தமே இல்லாமல் வாரேன் மாமா என்று உதட்டை அசைத்தாய். என்னிடமும் வாரேன் என்றாய், சத்தமாக, ஆனால் பெட்டியைப் பார்த்துக்கொண்டு. அந்த ரயில் போன பிறகு எனக்கு வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. மறுநாள் காலை மாமாவை எதிரில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வண்டு கத்தியதை, நான் சிரித்ததை, டாக்டரய்யாவிடம் சொன்ன பொய்யை. அவன் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். முடித்ததும் காப்பியைக் குடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்தான்.

“நீ அன்னைக்குச் சொல்லலைங்கன்னதை நான் பாத்தனேக்கா. டாக்டரு குனிஞ்சிருந்தாரு, அவரு பேசுனது தெரியல. உன்ற உதடு தெரிஞ்சுது.”

பதினேழு வருஷம், சாமி. என் கையால்தான் சாப்பிட்டான். ஏன்டா கேட்கவில்லை என்றேன். கேட்டு என்ன ஆகப்போவுது, காது வரப்போவுதா என்றான். அதற்கப்புறம் அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “காதை விடு. அது மருந்து பண்ணுனது. குடிகாரன்னு நடுத்தெருவுல நின்னு சொன்னியே, அது நீ பண்ணுனது. அதே தெருவுல நின்னு இல்லைன்னு சொல்லிப்போடு. நாஞ் செத்தா குடிச்சுச் செத்தான்னுதான் பேசுவாங்க.”

சரி என்றேன். தறி ஓடும்போது சொன்னால் யாருக்கும் கேட்காது, அது எனக்குச் சௌகரியம், ஆனால் சொன்னதாக ஆகாது. ஒரு வாரம் காத்திருந்தேன். நேற்று பகல் பன்னிரண்டு மணிக்குக் கரண்டு போனது. தறியெல்லாம் நின்றது, ஆட்கள் வெளியே வந்து வேப்பமரத்து நிழலில் நின்றார்கள். அன்று நான் அவனை அறைந்ததைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் இப்போதும் அங்கேதான் இருக்கிறார்கள், மீதிப் பேர் அவர்கள் பிள்ளைகள். நான் வீட்டை விட்டு இறங்கி, அதே இடத்தில் போய் நின்றேன். என் தம்பி ஒரு நாளும் குடித்ததில்லை, அவனுக்கு டி.பி. இருந்தது, நான் அதை மறைத்து ஊசி போட்டேன், ஊசியால் காதும் நடையும் போனது, அவன் சொல்லியும் நான் கேட்கவில்லை, அவன் மேல் பழி போட்டேன் என்று சொன்னேன்.

மாமா கூடத்து வாசலிலிருந்து வந்து எனக்கு நேர் எதிரே ஓரடி தள்ளி நின்றான்.

“வேகமாச் சொல்லிப்போட்ட அக்கா. பாதி பிடிபடல. இன்னொருக்காச் சொல்லு, மெதுவா.”

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன், ஒவ்வொரு சொல்லாக, அவன் முகத்தைப் பார்த்து. அவன் தலையை ஆட்டவே இல்லை. கடைசிச் சொல் வரைக்கும் பார்த்துவிட்டு, சரி என்றான். அதற்குள் கரண்டு வந்துவிட்டது, எல்லாரும் உள்ளே போனார்கள், அவனும் போனான்.

மாமாவைப் பற்றி வாத்தியாரிடம் சொல்வதாக இருந்தால் அவன் பெயரைச் சொல்லலாம் என்றான், கேட்டுவிட்டேன். சப்பாத்தி ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அரிசி கிடைக்கிற மெஸ்ஸாகப் பார்த்துச் சேர்ந்துகொள். அடுத்த கார்டிலாவது நாலு வரி எழுது, என்னைத் திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை. வார்டில் யாராவது உன்னிடம் காதுக்குள் வண்டு கத்துகிறது என்று சொன்னால், அவர் தறிக்காரராகவே இருந்தாலும், பேனாவை எடுத்து அதை எழுதிக்கொள் சாமி.

இப்படிக்கு,
உன் மாமனுக்கு அந்த ஊசிகளைப் போட்ட
உன் அம்மா.